கறுத்த உத்தரங்கள்

ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பின் நடுவே இருந்த அந்தப் பங்களாவை யாரோ ஒரு துரை கட்டினாராம். ஒரு முழக் கனத்தில் சுண்ணாம்புச் சுவர், நாலு பக்கமும் வராந்தா, தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிப் போட்ட மச்சு. எண்பதுகளின் தொடக்கத்தில் தோப்புக்காரர் அதைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு விட்டுக்கொடுத்தார். நான்தான் நர்ஸ். கட்டடம் தேறவில்லையென்றால் ஆஸ்பத்திரி டவுனுக்குப் போய்விடும். எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்புவலியோடு மாட்டுவண்டியில் குலுங்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

பார்வையிட வந்த இன்ஜினியர் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தீப்பிடிச்ச வீடும்மா இது. உத்தரமெல்லாம் கரிஞ்சு கெடக்கு. தேறாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்மேல் பாதி, அம்மாமேல் பாதி. எனக்குச் சோறு கொண்டுவந்த அம்மா கொல்லை வாசலிலேயே நின்றிருந்தாள். அந்தத் தோப்பில் காலமெல்லாம் கூலிவேலை செய்தவள். வருஷத்தில் ஒருநாள் மட்டும், அதுவும் கொல்லைப் பக்கமாக, வேலையாட்களை வீட்டுக்குள் விடுவார்கள். இப்போது சாவி என் இடுப்பில் இருந்தும் அவள் முன்வாசல் பக்கம் வரவே மாட்டாள்.

"வாயைத் தொறந்து சொல்லேம்மா" என்று கத்தினேன்.

"தீ இல்லீங்க. முந்திரி ஓட்டு எண்ணெய். கரையான் ஏறக்கூடாதுன்னு வருஷா வருஷம் நாங்கதான் பூசுவோம். அதான் கறுத்துக் கெடக்கு."

"பார்த்தா அப்படித் தெரியலையே."

அம்மா முந்தானையை விலக்கி இடதுகையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து சுருங்கிய தழும்பு. அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகுமென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"பூசறப்ப மேலேருந்து சொட்டுனதுங்க."

இன்ஜினியர் ஏணி கொண்டுவரச் சொல்லி ஏறினார். பேனாக்கத்தியால் ஓங்கிக் குத்தினார்; முனை மடங்கியதுதான் மிச்சம்.

"கல்லு மாதிரி இருக்கும்மா" என்று இறங்கிவந்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்று நான் இரண்டு பேர் சோற்றைத் தின்றேன்.

அடுத்த மாதமே முதல் பிரசவம். மல்லாந்து படுத்திருந்த பெண் வலிக்கு நடுவிலும் மேலேயே பார்த்தாள்.

"அக்கா, எல்லாம் கறுத்துக் கெடக்கே. தலையில விழுந்துடாதே?"

நான் வாயைத் திறப்பதற்குள், வெந்நீர்ப் பானையோடு முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள் அம்மா.

"நான் பூசுனது. விழாது. நீ பெத்துக்க."