புதுப் பெட்டித் தோட்டா

எங்கள் கோழி முட்டையிட்டால் அது நேராக அக்காவின் கண்ணுக்குப் போகும். அம்மா அப்படித்தான் சொல்வாள். அக்கா துவக்குப் பிடிக்கிற பிள்ளை, கண் கூர்மையாக இருக்க வேண்டும். அதனால் முட்டை அவளுக்கு, பொன்னாங்காணிக் கீரைச் சுண்டலும் அவளுக்கு. எனக்குப் பொன்னாங்காணி பிடிக்காது. ஆனால் அவளுக்கென்று தனியாக எடுத்து வைப்பதைப் பார்த்தால் மட்டும் உடனே பிடித்துவிடும்.

கேகாலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ரப்பர் தோட்டம். எங்களுக்கு என்றால், அதில் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள் என்று அர்த்தம். அக்கா ஸ்கொலர்ஷிப் பாஸாகி டவுன் ஸ்கூலுக்குப் போனாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தேன். சப்பாத்து, பை, குடை எல்லாம் முதலில் அவளுக்குப் புதிதாக வரும். கொஞ்ச காலம் கழித்து எனக்கு வரும். வரும்போது உள்பக்கத்தில் அவள் பெயர் அழியாமல் இருக்கும்.

அந்த ஸ்கூலில் துவக்குச் சுடுகிற டீம் ஒன்று இருந்தது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து போன பிள்ளைகளில் அதில் சேர்ந்தது அக்கா மட்டும்தான். சுட்ட டார்கெட் தாள்களை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். கறுப்பு வட்டத்தின் நடுவில் குட்டிக் குட்டியாக, உருண்டையாக ஓட்டைகள். அப்பா அவற்றை முருகன் கலண்டருக்குப் பக்கத்தில் வரிசையாக ஒட்டினார். ஃபோனில் படம் பிடித்துப் பால் நிறுக்கிற இடத்தில் எல்லோரிடமும் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. நானும் சும்மா இல்லை. ரப்பர் கொட்டையில் துளை போட்டு ஈர்க்குச் செருகிப் பம்பரம் விடுவதில் எங்கள் லயத்தில் என்னை ஜெயிக்க ஆளில்லை. அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

கொழும்பில் பெரிய போட்டி வருகிறது, அதற்கு நான்கு பேரைத்தான் எடுப்பார்கள், வருகிற சனிக்கிழமை தெரிவு என்று அக்கா சொன்ன வாரத்தில்தான் அவள் முகம் மாறியது. தாள் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. அப்பா கேட்டால், துவக்குப் பழக்குகிற சேர் ஊருக்குப் போயிருக்கிறார், தாள் ஸ்கூலில் இருக்கிறது என்றாள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பையைக் குடைந்தேன்.

கணக்குப் புத்தகத்துக்குள் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. விரித்தேன். ஓட்டைகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. ஒன்றிரண்டு வட்டத்துக்கே வெளியில். அதைவிட வேடிக்கை, எதுவும் உருண்டையாக இல்லை. சாவித் துவாரம் மாதிரி நீளம் நீளமாக, ஒன்று நிமிர்ந்து, ஒன்று சாய்ந்து, ஒன்று படுத்துக் கிடந்தது. ஓட்டைகூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை இவளுக்கு. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த வருஷத் தீபாவளிக்குக்கூட வரவில்லை. தாளை என் சட்டைப் பைக்கு மாற்றினேன்.

சனிக்கிழமை அப்பா பால்வெட்டை முடித்த கையோடு எங்களை பஸ்ஸில் டவுன் ஸ்கூலுக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம், அக்காவைக் கொழும்புக்கு எடுக்காவிட்டால் அப்பா சுவரிலிருக்கிற தாள்களை என்ன செய்வார் என்று நான் யோசித்துக்கொண்டே போனேன்.

ஊரிலிருந்து திரும்பி வந்திருந்த சேர் நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும், நங்கி, அதாவது தங்கச்சி, நீயும் அக்கா மாதிரி சுடுவாயா என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா மாதிரி. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அக்கா இப்படித்தான் சுடுகிறாள் சேர் என்று நானும் சிங்களத்திலேயே சொல்லி, தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்று தெரிந்தது.

சேர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓர் ஓட்டையை விரலால் தடவினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, எந்தப் பெட்டித் தோட்டா என்று கேட்டார். புதுப் பெட்டி என்று அவள் வாய்க்குள் சொன்னாள்.

அவர் இரண்டு பெட்டிகளையும் கொண்டுவரச் சொல்லி, பெட்டிக்கொரு தோட்டாவாக மேசையில் நிறுத்தினார். அடிப்பக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் புதியதன் தலையில் இருந்த குண்டு பழையதைவிட நீளம். துவக்குக் குழலின் உள்ளே முறுக்கு முறுக்காக வரி வெட்டியிருக்கும், அந்த வரிதான் குண்டைச் சுழல வைக்கிறது, சுழல்வதால்தான் அது மூக்கு முன்னால் இருக்கிறபடி நேராகப் போகிறது என்றார். இந்தத் துவக்கில் வரி பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தான். கட்டைக் குண்டுக்கு அது தாராளம். நீளக் குண்டு தள்ளாடாமல் இருக்க இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், அதற்கு இன்னும் நெருக்கமாக முறுக்கிய குழல் வேண்டும். இதில் போட்டால் காற்றில் தடுமாறி, மூக்கால் குத்தாமல் பக்கவாட்டில் தாளில் படும், அதனால்தான் ஓட்டை நீளம்.

"ஆமா, கொட்டைய ஈர்க்குல ஒசரத்துல வச்சா பம்பரம் சாயும். இன்னும் வெரசா சுத்தி விடணும்."

சொன்னது நான்தான். வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. அப்பா அதைச் சிங்களத்தில் சொல்ல, சேர் என் தலையில் கை வைத்து, அதுவேதான் என்றார். அக்காவைக் காப்பாற்றுகிற வேலையில் என் பம்பரமும் சேர்ந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

அக்கா பழைய பெட்டித் தோட்டாவால் சுட்டாள். உருண்டை ஓட்டைகள் திரும்ப வந்துவிட்டன. நான்கு பேரில் அவளும் ஒருத்தி. இப்படி ஒரு தங்கச்சி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சேர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எதற்காகத் தாளைக் கொடுத்தேன் என்று அங்கே யாருமே கேட்கவில்லை. அக்காவுக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றப் பிள்ளைகளின் ஓட்டையும் நீளமாகத்தான் இருந்ததா என்று கேட்டேன்.

"இல்ல. பழைய தோட்டா கொஞ்சந்தான் இருந்திச்சு. மத்தவங்களுக்கே காணாதுன்னு டீம் லீடர் சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் புதுப் பெட்டியில குடுத்தாங்க."

"நீ கேக்கலயா?"

"கேட்டா துவக்கையும் குடுக்காம விட்டுட்டா?"

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காய்ந்த ரப்பர் மரங்களை அப்படி என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்கு அம்மா முழு முட்டையை என் தட்டில் வைத்தாள். அக்கா குழம்பை மட்டும் தொட்டுச் சாப்பிட்டாள். முட்டை ருசியாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு மனது ஆறவில்லை. அத்தனை பிள்ளைகளும் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு இருக்கும்போது, இவளுக்கு மட்டும் ஏன் அங்கேயும் புதுசு?