துடுப்பில் நின்ற கூரை

மாவு அளக்கும் தராசில் மடித்த தார்ப்பாயை வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொள்கிறார் என் பக்கத்து வீட்டுக்காரர். மூச்சுக்காற்று பட்டால் எண் மாறிவிடுமாம். நானூற்றுப் பத்து கிராம். முகம் சுருங்குகிறது. ஓரத்தில் தைத்திருக்கும் கம்பெனித் துணிச்சீட்டைக் கத்தரித்துவிட்டு மறுபடி வைக்கிறார். நானூற்று ஒன்பது.

"பாத்தீங்களா, கொறஞ்சிடுச்சு!"

"மொதல்ல உங்க தொப்பையை அதுல வைங்க" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வருகிறது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். லென்ஸின் ஓரத்தை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கிற கை. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் விடாது. கயாக்கில் போய் ஆற்றங்கரையில் தங்குவதுதான் அவருக்குப் பித்து. ஒரே ஆள் காலை நீட்டி உட்காரும் அந்த ஒடுங்கிய படகில் சாமான் வைக்க இரண்டு சின்னப் பொந்துதான். அதனால் கூடாரம் என்றாலே சீறுவார். "கம்பி, ஜிப்பு, தரைத்துணி, எல்லாம் தண்டச் சுமை! தார்ப்பாய்க்குக் கம்புகூட வேணாம். துடுப்பை நட்டு இழுத்துக் கட்டினா முடிஞ்சுது." வீட்டில் ஏழு தார்ப்பாய் இருக்கின்றன. பச்சை காற்றில் படபடக்கும், தூங்கவிடாது. சாம்பல் நிறம் நைலான். நனைந்தால் தொங்கி மூக்கில் இடிக்கும். எதைக் கேட்டாலும் குறை நிறை சொல்வார்.

ஆனால் மனிதர் ஆற்றுக்குப் போய் ஒரு வருஷமாகிறது. தராசு மட்டும் கை பழகிப்போனதால் தொடர்கிறது.

அவருடைய தங்கையின் கணவர்தான் ஆற்றுப் பயணங்களில் அவருக்குப் பன்னிரண்டு வருஷத் துணை. போன வருஷம் ஒரு மாலை, மணல்திட்டில் இருவரின் துடுப்பையும் நட்டுத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மழை. ஆறு ஏறி, மச்சானின் படகை இழுத்துக்கொண்டு போனது. இன்னொரு படகில் துரத்தலாம் என்று மச்சான் ஓடிவந்து ஒரு துடுப்பைப் பிடுங்கப் பார்த்தார்.

"எடுக்காதீங்க மச்சான், கூரை விழுந்துடும்! படுக்கையெல்லாம் நனைஞ்சுடும்!"

இவர் போட்ட சத்தத்தில் மச்சான் கையை எடுத்துவிட்டார். வெறுங்கையோடு தண்ணீரில் இறங்கி, பாறையில் விழுந்து, வலத்தோள் பிசகியது. இன்றைக்கும் அந்தக் கை காதுக்கு மேல் எழாது. தலை வாருவது இடக்கையால்தான்.

"படுக்கை ஒரு சொட்டு நனையலைங்க" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். "நனைஞ்சா வெயில்ல போட்டா காயும். தோளை எங்க கொண்டு போடறது?"

இதை என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? மச்சானோ "வழுக்கிட்டேன்" என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கைக்கும் அவ்வளவுதான் தெரியும். "அண்ணன் கண்ணாடிக் கடை வெச்சிருந்தும் பாறை தெரியலையா உங்களுக்கு?" என்று புருஷனைத்தான் திட்டுவாள். இவர் வாயில் கொழுக்கட்டையோடு நிற்பார். எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் தார்ப்பாய், கூடாரம் விற்கும் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "தார்ப்பாய்க்கு அடியில ரெண்டு பேர் தாராளமா படுக்கணும். கம்பு தனியா இருக்கணும்" என்றார்.

"கம்போட சேர்த்து இது ரெண்டரைக் கிலோ சார். உங்களுக்குச் சரிப்படாதே?" என்றார், அவரை நன்றாக அறிந்த கடைக்காரர்.

"இருக்கட்டும்."

அப்படியே தங்கை வீட்டுக்குப் போனோம். கம்புகளை நான் சுமந்தேன். பொட்டலத்தைப் பார்த்ததும் தங்கை டீக்குவளையை ணங்கென்று வைத்தாள். "இன்னொண்ணா? கண்ணு தெரியாம வழுக்கி விழற மனுஷனுக்குக் கூரை ஒரு கேடா அண்ணா?"

"அவர் வழுக்கலைம்மா..." என்று இவர் ஆரம்பித்ததுதான் தாமதம், மச்சானின் இடக்கை பாய்ந்து ஒரு பிஸ்கட்டை இவர் வாயில் திணித்தது.

"சாப்பிடுங்க மச்சான். டீ ஆறுது." கண்ணோ வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சியது.

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் பிஸ்கட்டை வாயிலிருந்து எடுத்தார். அதைத் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியைத் தங்கை பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.