எங்கே என்று கேட்காதவள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் தூண்டிலை எடுத்தால் என் கணவர் வாயே திறக்கமாட்டார். கல்யாணமான புதிதில் ஒருமுறை "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டுவிட்டு, நான் வண்டியை நிறுத்தி உள்ளே வந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து உட்கார்ந்ததைப் பார்த்து மிரண்டுபோனவர். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் காரியம் விளங்காது என்பது ஊரறிந்த விஷயம். மீன் பிடிக்கப் போகிறவரைக் கேட்டால் தக்கைகூட அசையாது என்பது என் மாமா சேர்த்தது.

மாமா, அம்மாவின் தம்பி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேட வந்தவர், நாகல் நகரில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். வேலையைத் தேடினாரோ இல்லையோ, சாணார்பட்டிப் பக்கம் எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. அப்பாவின் முகம் நாளுக்கு நாள் இறுகியது. தம்பியைத் திட்ட மனம் வராத அம்மா என்னை ஏவிவிட்டாள். அவர் தூண்டிலைத் தூக்கும்போதெல்லாம் நான் எங்கே என்று கேட்க வேண்டும். எட்டு வயதில் இதைவிட நல்ல வேலை யார் கொடுப்பார்கள்? கேட்டேன். மாமா தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வருவார், தண்ணீர் குடிப்பார், உட்காருவார். மறுபடி எழுந்தால் மறுபடி கேட்பேன். அதற்குள் வெயில் ஏறிவிடும்.

நான்காம் நாள் மாமா சமாதானத்துக்கு வந்தார்.

"பாப்பா, இனிமே எங்கேன்னு கேக்காத. உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

அந்த நிமிடமே கட்சி மாறினேன். சைக்கிள் பாரில் உட்கார்ந்து போய், மாமா புழு கோத்துக் கொடுத்த தூண்டிலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை பிடித்தேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அம்மா இரண்டு நாள் முறைத்துவிட்டு, மீனை ஆயத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிறு மதியம் மீன் குழம்பு. அப்பா தட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"மீன் புடிக்கிற கைக்கு வேலை எங்குட்டுக் கெடைக்கும்."

மாமா வழக்கம்போல மீனை முள் நீக்கி என் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட ஆட்டோவுக்காக வாசலில் நின்றேன். மாமா தேய்த்த சட்டையும் தோளில் பையுமாக வந்தார். கையில் தூண்டில் இல்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்தார். மாட்டியிருந்த செருப்பைக் குனிந்து மறுபடி மாட்டினார். மறுபடியும் பார்த்தார். நான் கேட்டுத் தொலைத்துவிடுவேனோ என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, உதட்டை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். "வாரேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆகியும் மாமா திரும்பவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாமா எங்க போறான்னு கேட்டியாடி?"

"கேக்கவே இல்லம்மா" என்றேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்கு இருப்பதாக மாமாவிடமிருந்து ஒரு மாதம் கழித்துத்தான் போன் வந்தது. அதுவரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு விசேஷங்களுக்கு வந்தார், போனார். எங்கள் வீட்டில் ஒரு நாளும் தங்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. அன்று அவர் அவ்வளவு நேரம் நின்றது நான் கேட்பேன், திரும்பி வந்து உட்கார்ந்துவிடலாம் என்றுதான். எட்டு வயதில் அது எனக்குத் தெரியவில்லை. சொன்ன சொல் தவறாத பெருமையில் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.