நாற்பத்தெட்டு பாட்டில் ஷிராஸ்

ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் அவளுக்குப் ‘பாதாளம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சமையலறைக்குப் பின்னால் பதினாறு படி இறங்கினால் அவளுடைய நிலவறை. ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே குளுமை. சுவர் முழுக்க மரத்தட்டுகள், அவற்றில் படுத்துக் கிடக்கும் ஒயின் பாட்டில்கள். படுக்க வைத்தால்தான் கார்க் ஈரமாக இருக்கும், காற்று உள்ளே நுழையாது. இருபத்திரண்டு வருடமாக அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

ருசி பார்ப்பவளும் அவள்தான். ஆனால் விழுங்க மாட்டாள். வாயில் சுழற்றிவிட்டு வாளியில் துப்பிவிடுவாள். பஸ் ஓட்டும் அவள் கணவர் வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். “எல்லார் வீட்லயும் பொண்டாட்டி கோபத்துல துப்புவா. என் வீட்ல சம்பளத்துக்குத் துப்புறா.”

பதினெட்டு வருடத்துக்கு முன் பெரிய முதலாளியை நச்சரித்து ஐந்து டஜன் ஆஸ்திரேலிய ஷிராஸ் வாங்க வைத்தது அவள்தான். அப்போது அது முரட்டுச் சிவப்பு ஒயின். மை மாதிரி நிறம், நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு, மூக்கில் ஏறும் மிளகு வாசனை. பெரியவர் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். வைத்திருந்தால் தேறும் என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். ஐந்து வருடம் தொடவே இல்லை. ஆறாவது வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒன்றைத் திறந்து, ருசித்து, ஓர் அட்டையில் எழுதித் தட்டில் செருகினாள். எட்டாவது வருடம் அது வாசனையே இல்லாமல் ஊமையாகிவிட்டது. ஒரு வாரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினோராவது வருடம் அது மறுபடியும் வாய் திறந்தபோது, கேட்க ஆள் இல்லாமல் தட்டுகளிடமே சொல்லிச் சிரித்தாள்.

பெரியவர் ஓய்வெடுத்துக்கொள்ள, மகன் பொறுப்புக்கு வந்தார். வந்ததும் அவர் கண் நிலவறைமேல்தான் விழுந்தது. துணி துவைக்கும் இயந்திரங்களை அங்கே இறக்க வேண்டும் என்றார். ஒரு வாரம் மல்லுக்கட்டிய பிறகு ஒரு வழிக்கு வந்தார். ஷிராஸை ருசி பார்ப்பார். நன்றாக இருந்தால் நிலவறையைப் பற்றி யோசிப்பார்.

அவள் இரண்டு நாள் முன்பே ஒரு பாட்டிலை நிமிர்த்தி வைத்துக் கசடை அடியில் தங்கவிட்டாள். சாப்பாட்டுக் கூடத்து மேற்பார்வையாளர் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் டார்ச் பிடிக்க, கண்ணாடிக் கூஜாவில் நூல் போல ஊற்றி, கசடு கழுத்துக்கு ஏறிய இடத்தில் நிறுத்தினாள். சின்ன முதலாளி பெப்பர்மின்ட்டை மென்றுகொண்டே இறங்கி வந்தார். முதலில் அதை வாளியில் துப்பச் சொன்னாள். அவர் முறைத்தார், ஆனால் துப்பினார்.

கோப்பையில் ஒயினின் ஓரத்தில் செங்கல் நிறம் ஏறியிருந்தது. முதலில் அவள் ஒரு வாய் சுழற்றித் துப்பினாள். துவர்ப்பு பட்டுத்துணி மாதிரி மெலிந்திருந்தது. உலர்ந்த அத்திப்பழமும் பதனிட்ட தோலும் லேசான புகையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“அக்கா, பிரமாதமா இருக்கு” என்றார்.

பதினெட்டு வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அவளுக்கு அப்போதுதான் வெளியே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. “இன்னும் பத்து வருஷம் அசையாம தாங்கும் சார். இப்பவே காலி பண்ணிட வேண்டாம்.”

அவர் தட்டிலிருந்த அட்டைகளை உருவி ஒவ்வொன்றாகப் படித்தார். மொத்தம் பன்னிரண்டு. ருசியைப் பற்றி வருடத்துக்கு ஒன்று எழுதியிருந்தாள். கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: பொறுத்தால் இன்னும் நன்றாக வரும்.

பழைய சிவப்பு ஒயினை யாராவது கேட்டதுண்டா என்று மேற்பார்வையாளரிடம் விசாரித்தார். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லச் சொல்லி அக்கா உத்தரவு என்றார்.

“மேல கேக்கறவங்களுக்கு இல்லன்னுட்டு, கீழ யாருக்காக வச்சிருக்கீங்க? பத்து வருஷம் கழிச்சு என்ன எழுதுவீங்க?”

திறந்து பார்த்தால்தானே தெரியும் என்ற ஒரே பதில்தான் அவள் வாயில் வந்தது. அதைச் சொல்லாமல் முழுங்கினாள். ஒரு டஜனையாவது விட்டுவைக்கும்படி கேட்டாள். முடியாது என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். இன்றே மெனுவில் போடச் சொன்னார். ஷிராஸ் தீர்ந்ததும் அறை இயந்திரங்களுக்கு. மற்ற ஒயினுக்கு மேலே ஒரு குளிர்பெட்டி போதும்.

கெட்டுப்போயிருந்தால் ஒரே நாளில் தூக்கிக் கொட்டியிருப்பார். நன்றாக இருந்ததால் பாட்டில் பாட்டிலாகப் போகப்போகிறது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கூஜாவை மூன்று தடவை கழுவினாள்.

மதியம் நாலாம் மேசையில் வயதான தம்பதி ஒரு பாட்டில் ஷிராஸ் கேட்டார்கள். நிமிர்த்தி வைத்தது வேறு இல்லாததால், படுத்திருந்ததைக் கசடு கலங்காதபடி அதே சாய்வில் கூடையில் வைத்துத் தூக்கிப் போய் அவளே ஊற்றினாள். ஐஸ் கேட்பார்கள், சோடா கலப்பார்கள், மேலே போய் மூக்குடைபடப்போகிறோம் என்று நினைத்திருந்தாள். அந்த அம்மா கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். அவசரப்படாமல் குடித்தார். பிறகு கணவரிடம், “அத்திப்பழம் தெரியுதா உங்களுக்கு?” என்று கேட்டார்.

அரை மணியில் இன்னொரு பாட்டில் வேண்டும் என்று மேற்பார்வையாளர் வந்து நின்றார். குறை சொல்ல அவளுக்கு ஒன்றுமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பதினாறு படியும் அதிர இறங்கினாள்.