குப்பத்தைக் காடாக்கிய கம்ப்யூட்டர்

சுனாமிக்கு அப்புறம், செங்கல்பட்டில் எங்கள் மேப்பிங் ஆபீசுக்கு ஒரு வேலை வந்தது. கடலோரத்தில் வீடுகள் நெருக்கமாக உள்ள இடங்களைச் சாட்டிலைட் படத்தில் குறித்துத் தர வேண்டும். அங்கேதான் புயல் பாதுகாப்புக் கட்டடம் வரும். கண்ணால் பார்த்துக் குறிப்பதெல்லாம் பழைய காலம், நியூரல் நெட்வொர்க் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராமே பிரித்துவிடும் என்றார் எங்கள் டைரக்டர். அதுவும் பிரித்தது. மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மீனவர் குப்பம் முழுவதையும் ‘புதர்க்காடு’ என்று போட்டது.

அந்த மேப், கலெக்டர் ஆபீசுக்குப் போக இரண்டு நாள்தான் பாக்கி. பிரின்ட் அவுட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குப்பத்து முனையில் மீன் விற்றுக்கொண்டிருந்த தேசம்மாளிடம் படத்தையும் அது எடுக்கப்பட்ட தேதியையும் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார்.

“அன்னிக்கு எங்க பெரியப்பா சாவும்மா. சாவு வுழுந்தா ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டோம். அல்லாரும் வலைய வூட்டு மேல காயப் போட்டுகினு இருந்தோம்.”

பச்சை நைலான் வலை. எங்களிடம் இருந்ததோ வெறும் கலர் படம்; செடியைத் தனியாகப் பிரித்துக் காட்டும் இன்ஃப்ராரெட் படம் இல்லை. பச்சை என்றால் செடி என்றுதான் அந்த புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். விஷயம் புரிந்ததும் தேசம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்போ கட்டடம் இன்னா, காட்டுல கீற நரிக்கா?”

டைரக்டரிடம் சொன்னேன். மீன்காரம்மா பேச்சைக் கேட்டு ரிசல்ட்டை மாற்ற முடியாது, ஃபீல்டுக்குப் போகவும் நேரமில்லை என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. சாயங்காலம் அதே புரோகிராமைச் செங்கல்பட்டு டவுன் படத்தின் மேல் ஓட்டினேன். காலையில் பிரின்ட் எடுத்து, பவ்யமாக அவர் மேஜையில் வைத்தேன்.

“சார், இது உங்க தெரு. உங்க வீடு மட்டும் புதர்க்காடுன்னு வந்திருக்கு. ஃபாரஸ்ட் டிபார்ட்மென்டுக்கு எழுதிடலாமா?”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “மாடியில ரோஜாவுக்குப் பச்சை வலை கட்டியிருக்கேன்மா” என்றார் மெதுவாக.

“தெரியும் சார். அதனாலதான் ஓட்டினேன்.”

முறைத்தார். அப்புறம் அவரே டிரைவரைக் கூப்பிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். அன்றைக்கே ஒவ்வொரு குப்பமாக நடந்து பார்த்து மேப்பைத் திருத்தினோம். தேசம்மாளின் குப்பத்துக்குக் கட்டடம் வந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். புது மாடலை முதலில் உங்கள் மேலதிகாரி வீட்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். அடுத்தவர் வீடு மேப்பில் காணாமல் போனால் அது எரர் பெர்சன்டேஜ். தன் வீடு போனால்தான் அது தப்பு.