ஹொலிவூட்காரர் எனக்குக் கைகொடுத்த கதை

போன மாதம் வேலைக்குப் போகும் பஸ்ஸில் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது அந்த இயக்குநர் இறந்துவிட்ட செய்தி கண்ணில் பட்டது. படத்திலிருந்த கிழவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைப் பார்த்ததும் திடுக்கிட்டுப்போய் இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன். ஒன்பது வயதிலிருந்து, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் நான் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. ஹொலிவூட் இயக்குநர் ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார் என்பதுதான் அது. என்னைப் பெண்பார்க்க வந்தவர்களிடம்கூட அதைச் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய வாழ்க்கையைச் செய்தியில் சுருக்கி எழுதியிருந்தார்கள். ஏதோ ஒரு சின்ன ஊரில் முடிவெட்டும் கடைக்காரரின் மகன். முப்பது வயதுக்குள் எடுத்த முதல் இரண்டு படங்களும் ஓடோ ஓடென்று ஓடின. வீட்டில் விருதுகளை வைக்க இடமில்லாமல் போனது. அடுத்த இரண்டும் படுத்துவிட்டன. ஐந்தாவதை எப்படியாவது நிமிர்த்திவிடவேண்டும் என்று ரொறன்ரோவுக்கு வந்து எடுத்தார். அதுவும் படுத்தது. பிறகு அவரை நம்பி யாரும் பெரிய படம் கொடுக்கவில்லை. சோப்பு விளம்பரம், தொலைக்காட்சித் தொடர் என்று காலம் போய்விட்டது. அந்த ஐந்தாவது படத்தில்தான் எங்கள் குடும்பம் வருகிறது.

சினிமாவுக்காக எங்கள் ரொறன்ரோ கட்டாத வேஷம் இல்லை. நாலு மஞ்சள் டாக்சியை நிறுத்திக் கொஞ்சம் குப்பையைக் கொட்டினால் நியூயோர்க் ஆகிவிடும். அந்த வருடம் அது போர் நடக்கும், பெயர் சொல்லாத ஒரு நாடாக வேஷம் கட்டியது. வெக்ஸ்போர்ட் பக்கம் மூடிக்கிடந்த தொழிற்சாலை ஒன்றுக்குள் மண் கொட்டி, ஓட்டுவீடும் முற்றமும் எழுப்பியிருந்தார்கள். அம்மாவின் தம்பியான மாமா அந்தப் படக்குழுவுக்கு வான் ஓட்டினார். வான் ஓட்டுகிறார் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தான் படத்தில் வேலைசெய்வதாகத்தான் அவர் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மல்வேர்னிலிருந்த எங்கள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“அக்கா, செத்தவீட்டுச் சீன் ஒண்டு இருக்கு. தாய் மகன்ர பிரேதத்துக்கு மேல விழுந்து அழவேணும். வந்த பொம்பிளையள் ஒருத்தருக்கும் அழத் தெரியேல்ல. டிரக்டர் தலையில கைவைச்சுக்கொண்டு இருக்கிறார். நான் சொல்லிப்போட்டன், என்ர பெரியக்கா இருக்கிறா எண்டு.”

அம்மா அதிர்ந்துபோய் அடுப்பை நிறுத்தினார். “உனக்கென்ன விசரோ? மகனுக்கு அழச் சொல்லி ஆரிட்டையடா கேக்கப்போறாய்?”

மாமா பெரியக்கா என்றது என் பெரியம்மாவை. ரொறன்ரோவில் செத்தவீடு என்பது கம்பளம் விரித்த மண்டபத்தில், இத்தனை மணிக்குள் முடித்துவிடவேண்டிய காரியம். சனம் கடதாசிக்குள் மூக்கைச் சிந்தும். வாய்விட்டு அழக் கூச்சப்படும். பெரியம்மா போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று குரலெடுத்தால்தான் மற்றவர்களுக்கு அழுகை வரும். யார் செத்தாலும் ஐயருக்கு முதல் பெரியம்மாவுக்குத்தான் அறிவிப்பார்கள்.

ஊருக்கெல்லாம் அழுத அந்த மனுசி தன் மகனுக்கு மட்டும் அழவில்லை. அந்த அண்ணாவை நான் கண்டதேயில்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஒருநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சைக்கிளும் அகப்படவில்லை. பெரியம்மா ஏறி இறங்காத ஆமி முகாம் இல்லை என்பார்கள். பிறகு அம்மாதான் அவரைக் கனடாவுக்கு எடுப்பித்தார். நாங்கள் அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்தோம். அந்த வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை அண்ணா ஊரிலேயே பாடமாக்கி வைத்திருந்தாராம். எனவே மல்வேர்னில் வீடு வாங்கி நாங்கள் எல்லோரும் போனபோது பெரியம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். அந்த இலக்கத்தை மல்வேர்னுக்குக் கொண்டுபோக முடியாது என்று ரெலிபோன்காரர் சொல்லியிருந்தார்கள். நான் அங்கே போய் நின்று சிநேகிதியோடு ரெலிபோனில் கதைத்தால் இரண்டு நிமிடத்துக்குள் பெரியம்மா பக்கத்தில் வந்து நிற்பார். “வை பிள்ளை, ஆரும் எடுக்கப் பாப்பினம்” என்பார். யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மாமா ஒருமுறை வாய்தவறி “பாவம் பெடியன்” என்றதற்கு, ஒரு வருடம் அவருடைய வீட்டில் பெரியம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அப்படிப்பட்டவர் சம்மதித்தார் என்றால் யாருக்குத்தான் அதிர்ச்சியாக இருக்காது? அவர் மாமாவிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, உந்தப் படம் உலகமெல்லாம் ஓடுமோ?”

“ஓடும் அக்கா. யூரோப், இந்தியா, எல்லா இடமும்.”

“என்ர முகம் வடிவாத் தெரியுமோ?”

பெரியம்மாவுக்கும் நடிப்பு ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். “ராசா எண்டு சொல்லி அழுறன். மகனே எண்டு மட்டும் சொல்ல மாட்டன்.” பிள்ளை உயிரோடு இருக்கும்போது தாய் மகனே என்று ஒப்பாரி வைத்தால் அது அந்தப் பிள்ளையைப் போய்ப் பிடிக்கும் என்பது எங்களுடைய ஆட்களின் நம்பிக்கை. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இயக்குநரிடம் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் சந்தர்ப்பம் கைநழுவிவிடும் என்று பயந்திருப்பார்.

படப்பிடிப்புக்கு அம்மாவும் போனார், சுற்றியிருந்து அழும் பெண்களில் ஒருவராக. நான் மாமாவோடு கமெராவுக்குப் பின்னால் நின்றேன். இயக்குநர் உயரமான, மெலிந்த மனிதர். முழங்கை தேய்ந்த சுவெற்றர் போட்டிருந்தார். ஹொலிவூட்காரர் இப்படியா இருப்பார் என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. பெரியம்மாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, தான் இருந்த கதிரையையே தூக்கிக் கொடுத்தார்.

பிரேதமாகப் படுத்திருந்த பையன் சுயிங்கம் சப்பிக்கொண்டிருந்தான். “சாப்பிட்டியோ மோனை?” என்று பெரியம்மா தமிழிலேயே கேட்டு, கைப்பையிலிருந்து திருநீறு எடுத்து அவன் நெற்றியில் பூசினார். மேக்கப்காரி ஓடிவந்து துடைத்தாள். பெரியம்மா மறுபடி பூசினார். அவள் மறுபடி துடைத்தாள். செத்ததாகப் படுத்தவனுக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்று பெரியம்மாவுக்குக் கவலை. அவளுக்கு அவளுடைய வேலை.

முதல் இரண்டு தடவையும் பெரியம்மா ராகம் பிசகாமல் அழுதார். ராசா என்றார், ஐயா என்றார், கண்ணே என்றார். எனக்கு அது வானொலியில் பாட்டுக் கேட்பதுபோல இருந்தது. இயக்குநர் நல்லது என்றார். ஆனால் அவருடைய முகம் தெளியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் என்ன கருத்து என்று மாமாவிடம் கேட்டார். மாமா தன் சரக்கையும் சேர்த்து அள்ளிவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு இயக்குநர் முற்றத்தைச் சுற்றிச்சுற்றி நடந்து, இந்த வீட்டில் ஒரு பையன் இருந்ததற்கு அடையாளமே இல்லையே என்று குறைப்பட்டார். உடனே இரண்டு பேர் போய் எதையோ தூக்கிவந்து பிரேதத்தின் தலைமாட்டுச் சுவரில் சாத்திவைத்தார்கள்.

அது ஒரு கறுப்புச் சைக்கிள்.

மூன்றாம் தடவை கமெரா ஓடத் தொடங்கியது. பெரியம்மா தலையை நிமிர்த்தினார், சைக்கிளைக் கண்டார். ராகம் நின்றது. அவருடைய தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. எழுந்துபோய்ச் சைக்கிளின் ஹான்டிலைப் பிடித்து உலுப்பினார்.

“சைக்கிள் வந்திட்டுதடா! நீ ஏனடா வரேல்ல? என்ர மகனே, நீ ஏனடா வரேல்ல?”

அம்மா கூட்டத்துக்குள்ளிருந்து ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். பிரேதமாகப் படுத்திருந்த பையன் எழுந்திருந்து விக்கி விக்கி அழுதான். பக்கத்தில் நின்ற மாமாவின் வாய் திறந்தபடியே இருந்தது. பெரியம்மா என்ன சொல்கிறார் என்று இயக்குநர் அவரிடம் கேட்டார். மாமா முதல்தடவையாகத் தன் சரக்கு எதையும் சேர்க்காமல் இரண்டே வசனத்தில் பதில் சொன்னார். இயக்குநரின் முகம் வெளுத்துப்போய்விட்டது. அவர் ‘கட்’ என்று சொல்லவில்லை. நடந்துபோய்க் கமெராவுக்கு முன்னால் அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

பெரியம்மாவைப்போல நடிக்க உலகத்தில் ஆளில்லை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கைதட்டினேன். தொழிற்சாலை முழுக்க அது பெரிதாகக் கேட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்க, நான் இன்னும் பலமாகத் தட்டினேன். இயக்குநர் நேராக என்னிடம் வந்து குனிந்து, என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்தார். கனநேரம் விடவில்லை. இத்தனை பேர் நிற்க என்னிடம் வந்து கைகொடுத்தாரே என்று நான் பூரித்துப்போனேன்.

கொஞ்சநேரத்தில் பெரியம்மா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். “சரியோ தம்பி? இன்னொருக்கா வேணுமோ எண்டு கேள்” என்றார். வேண்டாம் என்று இயக்குநர் தலையசைத்தார். போகமுதல் பெரியம்மா அந்தப் பையனுக்குத் திருநீறு பூசினார். இந்தத் தடவை யாரும் துடைக்க வரவில்லை.

அடுத்த மாதம் பெரியம்மா சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டை விட்டுவிட்டு எங்களோடு மல்வேர்னுக்கு வந்துவிட்டார். தொலைபேசியை வெட்டிவிடும்படி தானே சொன்னாராம். என் அறையில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். எனக்குக் கதை சொல்ல ஆள் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். அம்மா மட்டும் ஏன் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார் என்று விளங்கவில்லை.

படம் வந்தபோது குடும்பமாக ஸ்காபரோவில் போய்ப் பார்த்தோம். செத்தவீடு வந்தது. எங்கோ தூரத்தில், படலைக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் எடுத்திருந்தார்கள். பெரியம்மாவின் முதுகு ஒரு கணம் தெரிந்தது. குரல் இல்லை, ஏதோ வயலின் அழுதது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தியேட்டருக்குள்ளேயே, “இந்தாள் ஏமாத்திப்போட்டார்!” என்று கத்தினேன். பெரியம்மா என் வாயில் பொப்கோர்னைத் திணித்துவிட்டு, “நல்ல மனுசன்” என்றார். பெரியம்மா இப்படி ஒரு அப்பாவியாக இருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இத்தனை வருடம் கழித்து, பஸ்ஸில், செய்தியின் கடைசிப் பந்தியில் அந்தப் படத்தை வெட்டி ஒட்டியவர் சொன்னதைப் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் ஒரு அழுகைக் காட்சி இருந்ததாம். அது ஒன்றே போதும், படம் நிமிர்ந்துவிடும் என்று தயாரிப்பாளர்கள் காலில் விழாத குறையாகக் கேட்டார்களாம். அது நடிப்பில்லை, அதைக் காட்டும் உரிமை தனக்கு இல்லை என்று சொல்லி அவர் மறுத்துவிட்டாராம். அதற்குப் பிறகுதான் ஹொலிவூட்டில் கதவுகள் அடைபட்டனவாம்.

பஸ்ஸிலிருந்து இறங்கி அம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். எப்படிப்பட்ட மனிதர் எனக்குக் கைதந்திருக்கிறார் பாருங்கோ அம்மா என்றேன்.

“அவர் உனக்குக் கைதரேல்லைப் பிள்ளை. நீ கைதட்டினாய். அதைத்தான் பிடிச்சு நிப்பாட்டினவர்.”

“இவ்வளவு நாளும் ஏனம்மா சொல்லேல்ல?”

“அக்கா சொல்ல வேண்டாமெண்டவா. குழந்தை சந்தோசமாச் சொல்லித் திரியட்டும் எண்டவா.”

தரிப்பில் நின்றவர்கள் எல்லோரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நான் என் கைகளைப் பார்த்தபடி நின்றேன். பிறந்தநாள்களிலும் கலியாணவீடுகளிலும் அந்தக் கதையைப் பெரியம்மாவுக்கு முன்னாலேயே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எப்படித் தட்டினேன் என்று கைதட்டியும் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் கடைசிவரை இருந்து கேட்டார்.