ஒற்றை விமானம் சொன்ன சேதி

போன வருடம் வைகாசி மாதம், சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் மத்தியான விமானத்தில், வங்காள விரிகுடாவுக்கு மேலே நடந்தது இது. கடலுக்கு மேலே எந்த இடம் என்று துல்லியமாகச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பிழைப்பே அதுதான். ஆனால் அன்றைக்கு நான் வேலையில் இல்லை. முதல் பிறந்தநாளை நெருங்கிக்கொண்டிருந்த பெண் பிள்ளையோடு, பிள்ளையைவிட அதிகமாக அழத் தயாராக, ஒரு பயணியாக உட்கார்ந்திருந்தேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் மாமியார் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, வானிலைத் தகவல் சேகரிக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறேன். நாம் ஏறிப் போகிற சாதாரணப் பயணிகள் விமானத்தின் மூக்குப் பக்கம் சின்னச் சின்னக் குழாய்களும் கருவிகளும் துருத்திக்கொண்டிருக்கும். வெளியே எவ்வளவு குளிர், காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று அவை அளந்துகொண்டே வரும். விமானம் எவ்வளவு குலுங்குகிறது என்பதையும் உள்ளே இருக்கிற கருவிகள் குறித்துக்கொள்ளும். அந்த எண்களெல்லாம் பைலட் கை வைக்காமலே தரைக்கு வந்து சேர்ந்துவிடும். நாளைக்கு மழை உண்டா இல்லையா என்று கைபேசியில் பார்க்கிறோமே, அதில் இப்படி மேலே போய்வருகிற விமானங்களுக்கும் பங்கு உண்டு.

வருகிற எண்ணெல்லாம் உண்மை பேசாது. மதுரையில் இறங்கப்போகிற விமானம், ஓடுபாதைக்குப் பக்கத்தில் வந்த பிறகும் வெளியே தண்ணீர் உறைகிற குளிர் என்று சாதிக்கும். இந்த மாதிரிப் புளுகுகளை முதலில் மெஷினே கண்டுபிடித்துத் தள்ளிவிடும். அதற்கும் சந்தேகமாக இருப்பவை எங்களைப் போன்றவர்கள் முன்னால் வந்து நிற்கும். அதற்கு எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரே ஒரு விமானம் மட்டும் ஒன்றைச் சொல்லி, அக்கம்பக்கத்தில் பறக்கிற வேறு எதுவும் அதை ஆமோதிக்கவில்லையென்றால் ஒதுக்கிவிட வேண்டும். பல வருடமாகச் செய்து செய்து, அப்படித் தனியாக நிற்கிற எண்ணைக் கண்டாலே என் விரல் தானாகப் போய் அதைத் தள்ளிவிடும்.

எங்கள் தெருவில் எனக்கு ‘பிளேனுக்குக் காய்ச்சல் பாக்குற புள்ள’ என்றுதான் பெயர். கரண்ட் போனால் என் மாமியார் கீழேயிருந்து குரல் கொடுப்பார். “ஏத்தா, கரண்ட்டு போயிருச்சே, மேல போற பிளேனெல்லாம் என்னாகும்?” ஒன்றும் ஆகாது அத்தை என்று எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த தடவையும் கேட்பார். என் வேலைக்கும் நிஜமான விமானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? எனக்கே அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவரோடு சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஊரில் பிள்ளைக்கு மொட்டை எடுத்துக் காது குத்த வேண்டும். எங்கள் குலசாமி கோயில் திருப்பத்தூருக்கு அங்கிட்டு ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள் என்பதால் என் அண்ணனும் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். அவரும் அங்கேதான் வேலை பார்க்கிறார். கட்டட வேலை நடக்கிற இடத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஹெல்மெட் போடாமல், இடுப்பில் பெல்ட் மாட்டாமல் எவனாவது சாரத்தில் ஏறினால் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விமானம் ஏறினதிலிருந்து பிள்ளை அழுதது. அப்படி ஒரு அழுகை. பேருக்குத்தான் அது சிங்கப்பூர் விமானம். உள்ளே இருந்த பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஜனங்கள். சும்மா இருப்பார்களா? “காதுல பஞ்சு வச்சீகளா?” என்றார் ஒருவர். “சட்டையக் கழட்டி விடுத்தா, புள்ளைக்குப் புழுங்குது” என்றார் பின்னாலிருந்து இன்னொரு அம்மா. அண்ணன் தூக்கிக்கொண்டு நடந்தார், நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். ரெண்டு பேருக்கும் தோள்பட்டை விட்டுப்போயிற்று.

கடைசியில் ஒருவழியாகத் தூங்கியது. எனக்கு ஜன்னலோர இருக்கை, அண்ணனுக்கு ஓரத்து இருக்கை, நடுவில் காலியாக இருந்தது. அதில் என் சால்வையை மடித்துப் போட்டு, பிள்ளையைக் கிடத்தி, பக்கத்தில் பால் பாட்டிலை வைத்தோம். அண்ணன் சத்தமே வராமல் கையை ஆட்டி, வாயைத் திறக்காதே என்று எனக்குச் சாடை காட்டினார். அந்த நிம்மதியைப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிந்தது. கேப்டன் பேசினார். முன்னால் போன விமானம் குலுங்கியதாகத் தகவல் வந்திருக்கிறது, எல்லோரும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். நல்ல வெயில். கண்ணுக்கு எட்டினவரைக்கும் மேகம் என்று ஒரு பொட்டு இல்லை. இறக்கை ஆடாமல் அசையாமல் இருந்தது.

பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, பேச்சிலேயே தெரிந்தது. குழந்தையை எடுத்து மடியில் வைத்து, அதற்கென்று இருக்கிற சின்ன பெல்ட்டை என் பெல்ட்டோடு மாட்டிக்கொள்ளச் சொன்னாள். அண்ணனுக்கு வந்ததே கோபம்.

“ஏங்க, இப்பத்தானங்க கண்ணு மூடுச்சு. எழுப்பச் சொல்றீகளே, பெறகு நீங்க வந்து தூங்கவைப்பீகளா? வெளிய பாருங்க, காத்து அசையுதா?”

சாரத்தில் பெல்ட் மாட்டாதவனைத் திட்டுகிற அதே வாய்தான்.

நானாவது சும்மா இருந்தேனா? தொழில் புத்தி விடவில்லை. “எத்தன பிளேன் சொல்லிச்சுங்க? ஒண்ணா, ரெண்டு மூணா?” என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “ஒண்ணுதான்னு நெனைக்கிறேன் மேடம்” என்றாள்.

ஒன்றுதானா! எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நிர்மலமான வானம், ஒற்றை விமானம், பக்கத்தில் சாட்சி சொல்ல வேறு எதுவும் இல்லை. மாடியறையில் இருந்திருந்தால் யோசிக்காமல் தள்ளியிருப்பேன். ஏதோ கருவிக் கோளாறு என்று என் மனம் தீர்ப்பே எழுதிவிட்டது. அந்த விமானத்தில் இருந்தவர்களிலேயே அந்தத் தகவலை நம்பாமல் இருக்க உருப்படியான காரணம் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

அவள் போகவில்லை. நடைபாதையில் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, பிள்ளை முழித்துவிடக் கூடாதே என்பது போலப் பேசினாள். “என்னை நல்லாத் திட்டிக்கங்க சார். கீழ எறங்கி கம்ப்ளெயின்ட்டும் எழுதிக் குடுங்க. பிள்ளைய மட்டும் இப்பக் கையில எடுத்துக்கங்க.”

நம்பிக்கை வந்து எடுத்தேன் என்று சொன்னால் அது பொய். சுற்றி எல்லோரும் பார்க்கிறார்கள், ஒரு சின்னப் பெண் என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், கூச்சமாக இருந்தது. அதனால் எடுத்தேன். அவளே குனிந்து அந்தச் சின்ன பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். பிள்ளை விழித்து, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடங்கியது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

விமானம் வழுக்கிக்கொண்டு போனதே தவிர ஒரு அசைவு இல்லை. பணிப்பெண் மிச்ச வரிசைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது அண்ணன் விடவில்லை. “பாத்தீகளா? ஒண்ணுமே இல்ல” என்றார். அவள் சிரித்தாள். “ஒண்ணுமில்லாமயே போகட்டும் சார். எனக்கும் அதுதான் வேணும்” என்று சொல்லிவிட்டுத் தன் இருக்கைக்கு நடந்தாள். எங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள்.

இருக்கை கீழே போயிற்று. நான் போகவில்லை. பெல்ட் வயிற்றில் வெட்டி என்னைக் கீழே இழுத்தது. பிள்ளை என் கையை விட்டு எழும்பியது, நிஜமாகவே எழும்பியது, அந்தச் சின்ன பெல்ட்தான் அதைப் பிடித்து நிறுத்தியது. நான் அதன் தலையை நெஞ்சோடு சேர்த்து அமுக்கினேன். அண்ணனின் கை குறுக்கே வந்து எங்கள் ரெண்டு பேரையும் இருக்கையோடு அழுத்தியது. எங்கும் கூச்சல். அப்போதுதான் பார்த்தேன். நடு இருக்கையில், பிள்ளை படுத்திருந்த அதே இடத்தில் கிடந்த பால் பாட்டில், எறிந்ததுபோல் மேலே போய்க் கூரையில் மோதித் தெறித்து, எங்கோ பின்னால் போய் விழுந்தது.

இன்னும் ரெண்டு மூன்று தடவை தூக்கிப் போட்டுவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி விமானம் மறுபடியும் நேராகப் போயிற்று. வெளியே அதே வெயில்.

அந்தப் பணிப்பெண் நடைபாதைத் தரையில் கிடந்தாள். இருக்கையின் காலை ரெண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பாய் அவள் தோளைப் பிடித்து அமுக்கிவைத்திருந்தார். நாங்கள் வாதாடாமல் இருந்திருந்தால் அவள் எப்போதோ போய் உட்கார்ந்து பெல்ட் போட்டிருப்பாள். அவள் மெல்ல எழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. எழுந்தவள் தன் கையைப் பார்க்கவில்லை. திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்து, “பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையைத்தான் ஆட்டினேன். பிறகு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேனா பயத்தில் அழுதேனா தெரியாது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தை வேடிக்கை பார்த்தது. பின்னாலிருந்து கைமாறிக் கைமாறிப் பால் பாட்டில் வந்து சேர்ந்தது, ஒரு பக்கம் நசுங்கி. அண்ணன் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். திருச்சி வரைக்கும் மூக்கை அடிக்கடி உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

இறங்கும்போது வாசலில் அவள் கையில் கட்டோடு நின்று வணக்கம் சொன்னாள். அண்ணன் எதிரில் போய் நின்று, “காரைக்குடிப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்கத்தா, ஒரு வாய் சாப்பிட்டுப் போவீக” என்றார். அவர் மன்னிப்புக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “முன்னால போன பிளேன்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” அவள் முகம் மலர்ந்தது. “கேப்டனும் அதத்தான் கேட்டாரு மேடம். நல்லபடியா எறங்கிட்டாங்களாம்.”

காதுகுத்து முடிகிறவரைக்கும் வீட்டில் மூச்சு விடுவதில்லை என்று ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டோம். கோயிலில் மொட்டை போட அண்ணன் மடியில் பிள்ளையை உட்காரவைத்தார்கள். அண்ணன் ரெண்டு கையாலும் வளைத்துப் பிடித்த பிடியில் அதற்குத் திமிறக்கூட முடியவில்லை. முடி எடுப்பவர் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “தம்பி, இம்புட்டு இறுக்குனா எப்பிடி? புள்ள எங்கிட்டும் பறந்து போயிறாது.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே அழுது ஊரைக் கூட்டியிருப்போம்.

லீவு முடிந்து மறுபடி மாடியறையில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் போன அந்த விமானம் அனுப்பிய எண்ணைத் தேடிப் பார்க்கலாமா என்று நினைத்தேன், பார்க்கவில்லை. பைலட்டுகளுக்கு எச்சரிக்கை போகிற வழி வேறு, எங்கள் மேசைக்கு வருகிற வழி வேறு. எங்கள் பக்கம் அது ஒதுக்கப்பட்ட குப்பையில் கிடந்தால் அதைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. விதியைக் குறை சொல்லவும் மாட்டேன், முக்கால்வாசி நேரம் அது சரிதான். இப்போதும் தள்ள வேண்டியதைத் தள்ளுகிறேன்.

ஆனால் முன்பு மாதிரி விரல் தானாகப் போவதில்லை. வெறிச்சோடிய வானத்தில் தனியாக ஒரு விமானம் ஏதோ சொல்லிக்கொண்டு வந்து நின்றால், கையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை பார்க்கிறேன். அதே பாதையில் பின்னால் வந்துகொண்டிருப்பவர்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் யாரோ ஒருத்தி இப்போதுதான் தன் பிள்ளையைத் தூங்கவைத்திருப்பாள்.